நாகவல்லி பேசிய தமிழ்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு, வெள்ளவத்தை, கொழும்பு

நாளை காலை கட்டுநாயக்காவிலிருந்து கொச்சிக்குப் போகிறோம். புதன்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை, மற்ற நாட்களுக்கு லீவு போட்டாயிற்று. அம்மாவும் வருகிறார். குருவாயூர் போகலாமா என்று கேட்பார் என நினைத்தேன். "நாகவல்லியின்ர வீட்டைத்தானே பாக்கப் போறம்?" என்றுதான் கேட்டார்.

1993இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படத்தை நாங்கள் 1997இல், இதே வெள்ளவத்தையில், சித்தி வீட்டு வீடியோ டெக்கில் பார்த்தோம். எனக்குப் பத்து வயது. மலையாளம் பாதிதான் விளங்கியது. ஆனால் கதாநாயகி கங்கா, அந்தப் பழைய வீட்டில் முன்பு இறந்துபோன நாகவல்லியாக மாறி வாயைத் திறந்ததும் தமிழ் வந்தது பாருங்கள், அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்து அடைத்து வைக்கப்பட்ட ஆட்டக்காரி அவள், வேறு என்ன மொழி பேசுவாள்! அந்த யுத்த நாட்களில் பஸ்ஸில் ஏறினால் அம்மா என் கையை அமத்துவார், மெதுவாகக் கதை என்று அர்த்தம். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் ஒருவரும் வெளியே இறங்காத காலம். அப்படி இருக்கும்போது ஒருத்தி தொண்டை கிழியத் தமிழில் கத்துகிறாள். எனக்குப் பயம், அம்மாவுக்கு அழுகை.

பெப்ரவரி 10, திங்கள், திருப்பூணித்துறை

ஹில் பேலஸ் திங்கட்கிழமைகளில் பூட்டு. முன்கூட்டிப் பார்க்காதது என் பிழை. வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அப்பம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

பெப்ரவரி 11, செவ்வாய், திருப்பூணித்துறை, பிறகு ரயிலில்

இன்று உள்ளே போய்விட்டோம்! 1865இல் கொச்சி அரச குடும்பம் கட்டிய அரண்மனை இது, 54 ஏக்கரில் 49 கட்டடங்கள், இப்போது அருங்காட்சியகம். நாகவல்லியின் வீடான மாடம்பள்ளியின் முகப்பாகப் படத்தில் வருவது இதுதான். புல்வெளி தட்டுத்தட்டாக ஏறிப்போகிறது, நடுவே படிகள், உச்சியில் ஓட்டுக்கூரையும் வெள்ளைச் சுவருமாகக் கட்டடம். எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. ஆனால் பயமூட்டும் வீடு இல்லை இது, நல்ல காற்றும் வெளிச்சமும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக மேலே ஓடுகிறார்கள். பகலில் இவ்வளவு வெளிச்சமான ஒரு வீட்டை வைத்து அவ்வளவு பயம் காட்டியிருக்கிறார்கள் என்றால் அது இயக்குநர் ஃபாசிலின் கெட்டித்தனம்தான். வேலை முடியவேண்டுமென்று பிரியதர்ஷன், சிபி மலயில், சித்திக், லால் எல்லோரும் இரண்டாவது யூனிட்டில் வந்து சில பகுதிகளை எடுத்துக் கொடுத்தார்களாம். அப்படிப் பல கை பட்ட படம் என்று பார்த்தால் தெரியாது.

அம்மாவுக்கு முழங்கால் நோ. நடுப்படியில் இருந்துவிட்டார். மணிமுடி வைத்திருக்கும் அறையை நான் மட்டும் போய்ப் பார்த்து வந்தேன். திரும்பி வரும்போதும் அதே படியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மேல்மாடி யன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி இருந்தார். "எந்த யன்னலா இருக்கும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

இதை ரயிலில் எழுதுகிறேன். சற்றுமுன் ஹரிப்பாடு தாண்டியது. இந்தப் பக்கத்தில்தான் முட்டம், திரைக்கதை எழுதிய மது முட்டத்தின் ஊர். அங்கே ஆலும்மூட்டில் என்ற பழைய குடும்பத்து வீட்டில் முன்பு நடந்த ஒரு துயரம்தான் கதைக்கு வித்து என்கிறார்கள். வெளியே இருட்டு, தென்னைகள் மட்டும் தெரிகின்றன.

அம்மா தூங்காமல் ஒன்று சொன்னார், எனக்கு அது இத்தனை வருடமாகத் தோன்றவில்லை. இதே கதை 2005இல் 'சந்திரமுகி'யாகத் தமிழில் வந்தபோது அவள் தெலுங்குக்காரியாகிவிட்டாள், கன்னடத்து 'ஆப்தமித்ரா'விலும் தெலுங்குதான், 2007 ஹிந்திப் படத்தில் வங்காளி. எங்கே எடுத்தாலும் பூட்டின அறைக்குள் இருக்கிறவள் பக்கத்து ஊர்ப் பாஷைக்காரி. "எங்கட வீட்டுப் பேய் எங்கட பாஷை பேசாது" என்றார் அம்மா. மலையாளத்தில் மட்டும் அந்தப் பக்கத்து ஊர்க்காரி நாங்கள். அதனால்தான் சந்திரமுகியைக் கொழும்புத் தியேட்டரில் பார்த்தபோது கைதட்டி ரசித்தேன், ஆனால் நெஞ்சில் தங்கவில்லை.

பெப்ரவரி 12, புதன், பத்மநாபபுரம்

திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்தோம். படத்துக்குப் பயன்பட்ட மற்ற அரண்மனை இது. தக்கலைக்குப் பக்கம், தமிழ்நாட்டு மண், ஆனால் பராமரிப்பது கேரளத் தொல்பொருள் துறை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கேதான் இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கரிய தரை கண்ணாடிபோல மினுங்குகிறது. சிரட்டைக் கரி, முட்டை வெள்ளை, சுண்ணாம்பு எல்லாம் கலந்து இழைத்தார்களாம். உள்ளங்காலுக்கு அது குளிர்ந்த கல்லும் இல்லை, மெழுகும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

நவராத்திரி மண்டபத்தில் வெகுநேரம் நின்றோம். கல்தூண்கள், நடுவே ஆடுவதற்கு வெளி, பக்கத்தில் அரண்மனைப் பெண்கள் ஒளிந்திருந்து ஆட்டம் பார்ப்பதற்கு மரத் தடுப்பும் துளைகளும். அம்மா ஒரு துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். ஆடுகிறவளுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களின் முகம் தெரியாது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கங்காவாக நடித்த ஷோபனா அந்த வேடத்துக்குத் தேசிய விருது வாங்கியதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. அவருடைய கண்தான் நாகவல்லி.

வழிகாட்டி அக்கா எங்கள் பேச்சைக் கேட்டு, "நீங்க சிலோனா?" என்றார். ஓம் என்று அம்மா சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. நாட்டியக்காரிகள் எங்கே தங்கினார்கள், சாப்பாடு யார் கொடுத்தார்கள் என்று அதே குரலில் கேட்டுக்கொண்டே போனார்.

பெப்ரவரி 14, வெள்ளி, வெள்ளவத்தை

நேற்று இரவு வந்து சேர்ந்தோம். இன்று பின்னேரம் சித்தி வந்தார், படத்தைத் திரும்பவும் போட்டோம். வீட்டின் முன்புறம் வந்ததும் நிறுத்தச் சொன்னார் அம்மா. எழும்பிப் போய் ரீவியில் விரலை வைத்தார். "இந்தப் படியிலதான் நான் இருந்தனான்."