கவர் எண் 147

அப்பாவுக்கு மறுபடியும் வயிற்று வலி வந்தபோது டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "போன தடவை எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கா? ரெண்டையும் வெச்சுப் பார்க்கணும்." இருந்தது, வீட்டில் எங்கோ. நானும் அக்காவும் இரண்டு நாள் தேடினோம். அலமாரியின் மேல்தட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த பை, அப்பாவின் மேசை இழுப்பறை என்று எல்லாவற்றையும் கவிழ்த்தோம். கிடைக்கவில்லை. பழைய ரிப்போர்ட் இல்லாமலே டாக்டர் பார்த்தார். நான்கு மாதம் கழித்து அது கிடைத்தது, வண்டி இன்சூரன்ஸ் ஃபைலுக்குள். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பித்திருந்தோம். இரண்டு காகிதமும் ஒரே கையில் வீட்டுக்குள் வந்திருக்கின்றன.

இத்தனைக்கும் நான் காகிதங்களை அலட்சியமாகப் போடுகிறவன் இல்லை. மருத்துவம், இன்சூரன்ஸ், வங்கி, வீடு, அப்பா, இதர என்று லேபிள் ஒட்டிய ஃபைல்கள் இருந்தன. கோளாறே அந்த லேபிள்களில்தான். அப்பாவின் மருத்துவக் காப்பீட்டுக்காக ஆஸ்பத்திரி கொடுத்த பில் எதில் போகும்? மருத்துவத்தில் போகலாம், இன்சூரன்ஸில் போகலாம், அப்பா ஃபைலில் போகலாம். மூன்றும் சரிதான். வைக்கிற அன்று எது சரியாகப் பட்டதோ அதில் வைப்பேன். தேடுகிற அன்று வேறொன்று சரியாகப் படும். முடிவெடுக்க முடியாததெல்லாம் 'இதர'வுக்குப் போனது. எங்கள் வீட்டிலேயே பருத்த ஃபைல் அதுதான்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஸ்கேனர் இருக்கிறதே, எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் ஸ்கேன் பண்ணினேன். வேலையில் பாதி நேரம் ஸ்டேப்ளர் பின் பிடுங்குவதிலேயே போயிற்று. மூன்றாம் நாள் முடிவில் கம்ப்யூட்டரில் ஸ்கேன்1, ஸ்கேன்2 என்று 180 கோப்புகள் இருந்தன. எது என்ன என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். அலமாரிக் குப்பைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் படிக்கும். தெளிவாக அச்சடித்த பக்கம் என்றால் நன்றாகவே வருகிறது. ஆனால் வீட்டுக் காகிதங்கள் அப்படியா இருக்கின்றன? பாதி கையெழுத்து, மீதி மங்கலான பிரிண்ட், அதன் மேல் ரப்பர் ஸ்டாம்ப். நமக்கு வேண்டிய தேதி எப்போதும் அந்த ஸ்டாம்புக்கு அடியில்தான் இருக்கும். அதோடு, பத்திரம், சான்றிதழ், ஒப்பந்தம் போன்றவற்றை ஸ்கேன் பண்ணியாயிற்று என்று தூக்கிப் போட முடியாது. அசலைத்தான் கேட்பார்கள். ஆகவே காகிதம் வீட்டில் இருக்கத்தான் போகிறது, அது எங்கே என்று தெரிந்தால் போதும் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

ரெக்கார்டு ரூமில் பல வருஷம் வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் புலம்பியபோது அவர் சிரித்தார். "நீ ஏன் வகை பிரிக்கிற? காகிதத்துக்கு ஒரு நம்பர் போட்டு வரிசையா நிறுத்து. வகை பிரிக்கிற வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கட்டும்."

யோசித்தால் நூலகத்தில் இதைத்தான் செய்துவந்தார்கள். புத்தகம் ஓர் அலமாரியில் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். ஆனால் அட்டவணைப் பெட்டியில் அதற்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஓர் அட்டை இருக்கும். எந்த வழியாக வந்தாலும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரலாம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் சொன்ன ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. என் வீட்டு அலமாரி அந்த விதிக்கு நேர் எதிராக இயங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 குறிப்புச் சீட்டுகளைக் கறாராகப் பொருள்வாரியாகப் பிரிக்காமல், சீட்டுக்கு ஓர் எண் போட்டு, தனியாக ஒரு சொல்லடைவு வைத்துச் சமாளித்தார் என்று அப்புறம் படித்தேன். அவரிடம் கம்ப்யூட்டர் கூட இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கவர்கள் வாங்கி 001 முதல் எண் ஒட்டினேன். கம்ப்யூட்டரில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட். அதில் எண், என்ன காகிதம், தேடுசொற்கள், காகிதத்தின் தேதி, எப்போது கிழிக்கலாம், எங்கே இருக்கிறது என்று ஆறு பத்தி. தரையில் கொட்டிய குவியலில் கைக்கு எது முதலில் வருகிறதோ அதுதான் 001. அது என் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ். 002 மிக்ஸி உத்தரவாத அட்டை. பக்கத்தில் எது வருகிறது என்று கவலையே இல்லை. முதல் நாள் இது மனசுக்கு ஒப்பவில்லை. சான்றிதழுக்குப் பக்கத்தில் மிக்ஸியா என்று கை தயங்கியது. இருபது கவர் தாண்டியதும் வேகம் பிடித்துவிட்டது. எதில் வைப்பது என்ற யோசனைதான் இத்தனை நாளும் நேரத்தைத் தின்றிருக்கிறது.

நடுவில் ஒரு தப்பு பண்ணினேன். மருத்துவத்துக்கு 3, அதில் அப்பாவுக்கு 3.1, அதில் ஸ்கேனுக்கு 3.1.2 என்று எண்ணுக்குள்ளேயே வகையைப் புகுத்தினேன். பார்க்க அழகாக இருந்தது. இரண்டே நாளில் பழைய 'இதர' ஃபைல் 9 என்ற எண்ணில் மறுபிறவி எடுத்துவிட்டது. ஒட்டிய அந்த எண்களையெல்லாம் கிழித்துவிட்டு மறுபடி வெறும் வரிசை எண்ணுக்கே திரும்பினேன்.

ஸ்ப்ரெட்ஷீட்டும் தன் பங்குக்கு விளையாடியது. 001 என்று அடித்தால் 1 ஆக்கிவிடும். சரி, அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டால் நிற்கும். அதைவிட மோசம், 16 இலக்க வாடிக்கையாளர் எண் ஒன்றை அடித்தேன், கடைசி இலக்கம் தானாகப் பூஜ்யமாகிவிட்டது. 15 இலக்கத்துக்கு மேல் அது எண்ணாகப் பிடித்து வைக்காது. எச்சரிக்கையும் கிடையாது. கவரைக் கையில் வைத்து ஒப்பிட்டதால்தான் தெரிந்தது. பிறகு யோசித்தேன், முழு எண்ணை அட்டவணையில் ஏன் எழுத வேண்டும்? அட்டவணை இடத்தைச் சொன்னால் போதும், விவரம் காகிதத்தில் இருக்கிறது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் எழுதுகிறேன். அட்டவணை வேறு யார் கையில் சிக்கினாலும் வயிற்றில் புளி கரையாது.

நூறு கவர் முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, "ஏதாவது ஒண்ணைத் தேடிப் பாரு" என்றேன். அவள் 'கரண்ட் பில்' என்று அடித்தாள். ஒன்றும் வரவில்லை. நான் 'மின்கட்டண ரசீது' என்று எழுதி வைத்திருந்தேன்.

"நம்ம வீட்டுல என்னிக்குடா யாராவது மின்கட்டணம்னு சொல்லியிருக்கோம்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வாரம் முழுக்க அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தேடுசொல் பத்தியைத் திரும்ப நிரப்பினோம். காகிதத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதைவிட, அதைத் தேடும்போது நம் வாயில் என்ன வரும் என்பதுதான் அங்கே எழுத வேண்டியது. மின்கட்டணம், கரண்ட், கரண்டு, ஈபி என்று எல்லாமே போயின. இன்சூரன்ஸ், இன்ஷூரன்ஸ், காப்பீடு. வாஷிங் மெஷின் ரசீதில் அதன் மாடல் எண்ணோடு 'துணி துவைக்கிறது' என்பதும் சேர்ந்தது. அம்மா அப்படித்தான் சொல்வாள். எழுத்துப்பிழையோடும் எழுதிவைத்தோம். யாருக்கும் மார்க் போடப்போவதில்லை.

தமிழில் தேடும்போது தொல்லை இரண்டு உண்டு. 'வீடு' என்று தேடினால் 'வீட்டு வரி' வராது, சொல் உருமாறிவிடுகிறது. 'பணம்' என்று தேடினால் 'பணத்தைத் திருப்பிய சீட்டு' வராது. ஆகவே தேடுசொல் பத்தியில் வேற்றுமை உருபு ஒட்டாத மூலச் சொல்லைக் கட்டாயம் தனியாக எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, கண்ணுக்கே தெரியாது. ஒரு நாள் 'கொள்முதல்' என்று தேடினேன், மூன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தது. மூன்றாவது வரி அட்டவணையில் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், அதே 'கொள்முதல்'. கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறியாக எழுதலாம், அல்லது 'ெ', 'ா' என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும். சில நிரல்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், சில பார்க்காது. நான் கையால் அடித்தவை ஒரு விதம், ஒரு பிடிஎஃபிலிருந்து வெட்டி ஒட்டியது இன்னொரு விதம். இப்போது எதையும் வெட்டி ஒட்டுவதில்லை, அடித்துத்தான் சேர்க்கிறேன். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடலாம். அதற்கு என்எஃப்சி என்று ஒரு முறை இருக்கிறது.

பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஸ்கேனோடு அசல் காகிதத்தின் வரிசை எண்ணையும் குறித்து வைக்க வசதி இருக்கிறது. காகிதம் நிறைய வந்துகொண்டே இருப்பவர்களுக்கு அது சரிப்படும். எங்கள் வீட்டுக்கு ஸ்ப்ரெட்ஷீட் தாண்டித் தேவைப்படவில்லை. ஸ்கேன் பண்ணுவது இப்போது ஒரு வகைக்கு மட்டும்தான், வெப்பத்தில் அச்சாகிற வழவழப்பான ரசீதுகள். வெயிலும் சூடும் பட்டால் எழுத்து மங்கிப்போய் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். சிலவகை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும் அதே கதி. உத்தரவாதத்துக்கு என்று பத்திரப்படுத்திய ஒரு ரசீது அப்படித்தான் வெறுமையாகி என் கையில் கிடந்தது. இப்போது வாங்கிய அன்றே படம் எடுத்து, ஒரு நகலும் எடுத்துக் கவரில் போட்டுவிடுகிறேன்.

கவரை வெளியே எடுத்தால் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் அட்டை நிற்க வேண்டும், அதில் யார், என்றைக்கு என்று பென்சிலில் எழுத வேண்டும். இதுவும் ரெக்கார்டு ரூம் நண்பர் சொன்னதுதான். வீட்டில் யாருக்கும் பிடிக்காத விதி இதுதான். அப்பா இன்றுவரை செய்வதில்லை. ஒரு கவர் காணோம் என்றால் அவர் மேசையில் பார்ப்பேன், இருக்கும்.

கிழிக்க வேண்டிய தேதி வந்தவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கிழிக்கிறோம். அந்த எண் அடுத்த காகிதத்துக்குப் போகும். பழைய வரியை மட்டும் அழிப்பதில்லை, 'போனவை' என்ற இன்னொரு தாளுக்கு நகர்த்திவிடுவேன். இல்லாத காகிதத்தை இருக்கிறது என்று நம்பித் தேடுவதைப்போல் வீண் வேலை வேறில்லை. அட்டவணையையே ஒரு பிரதி அச்சடித்து முதல் கவரில், மாற்றுச் சான்றிதழுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் 212 கவரையும் மறுபடி பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

போன மாதம் அப்பாவை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போயிருந்த அக்கா அங்கிருந்தே ஃபோன் பண்ணினாள். "அந்த ஸ்கேன்..." என்று ஆரம்பிப்பதற்குள் அட்டவணையில் 'வயிறு' என்று அடித்துவிட்டேன். 147. நடு அலமாரி, இரண்டாம் பெட்டி. எடுத்துக்கொண்டு கிளம்ப ஐந்து நிமிஷம் ஆகவில்லை. மஞ்சள் அட்டை வைக்க மறந்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

இன்னும் எண் போடாமல் ஒரே ஒரு பை மீதி இருந்தது. தாத்தா பாட்டி எழுதிய கடிதங்கள். ஒவ்வொன்றாகப் படித்துச் சொல் எழுத ஆரம்பித்தால் வருஷம் ஆகும் என்று மொத்தமாக ஐந்து கவரில் போட்டு, 'கடிதங்கள்' என்று மட்டும் எழுதிவைத்தேன். எப்போது கிழிக்கலாம் என்ற பத்தியில் ஒரு கோடு. தேடுசொல் பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருந்தேன். நேற்றுப் பார்த்தால் அக்கா நிரப்பியிருக்கிறாள், 'சும்மா படிக்க' என்று.