பக்கெட் 9, குளம் 31

ஜூன் 3

பக்கெட் 9. குளம் 31.

ஜூன் 4

பக்கெட் 8. குளம் 30. நேற்றைவிடக் காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது.

ஜூன் 5

எங்கள் வீட்டுக் குளத்தைக் கட்டின காண்ட்ராக்டர் பதினோரு நாளுக்குப் பிறகு போனை எடுத்தான். "அண்ணாச்சி, அது ஒழுக்கு இல்ல. ஆரல்வாய்மொழி காத்தாக்கும். அந்தப் பெரிய காத்தாடியையே சுத்துத காத்து, திறந்து கிடக்க தண்ணிய சும்மா விடுமா? குடிச்சிட்டுப் போவும்." கூடவே ஒரு சிரிப்பு.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் முப்பந்தல் காற்றாலைகளை எண்ணலாம். இந்த மாசங்களில் துணி காயப்போட்டால் வேட்டிக்கு நாலு கிளிப் வேண்டும். காற்று தண்ணீரைக் குடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்ததனால்தானே பக்கெட்டை வைத்தேன். குளத்துத் தண்ணீரையே விளிம்பு வரை மொண்டு, ஆடாமல் இருக்க உள்ளே ஒரு கருங்கல் போட்டு, குளத்தின் இரண்டாம் படியில் வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு கோடு, வெளியே குளத்து மட்டத்துக்கு ஒரு கோடு. பம்ப் ஓடாது. 24 மணி நேரம் கழித்து ஸ்டீல் ஸ்கேலால் இரண்டையும் அளப்பேன். அதே வெயில், அதே காற்று. பக்கெட்டில் 9 மில்லிமீட்டர் குடிக்கிற காற்று, ஒரு சாண் தள்ளிக் குளத்தில் 31 குடிக்கிறதாம்!

மீதி 22. குளம் 6 மீட்டருக்கு 3 மீட்டர், 18 சதுர மீட்டர். ஆக 396 லிட்டர். ஒரு நாளைக்கு. மஸ்கட்டில் இருபத்தேழு வருஷம் ஸ்டோர் பார்த்தவன் நான். ரெஜிஸ்டரில் ஒரு பெட்டி போல்ட் குறைந்தால் ராத்திரி உறக்கம் வராது.

ஜூன் 6

சாயக்கடையில் ஒருத்தர்: "மடைய அடச்சுப் பாத்தீளா?" எல்லாரும் சிரித்தார்கள். குளத்துக்குப் பஞ்சமில்லாத ஜில்லாவில் வீட்டுக்குள் குளம் கட்டினவனைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வார்கள். யாருக்காகக் கட்டினது என்று சாயக்கடையில் சொல்ல முடியுமா?

ஜூன் 8

பிசியோதெரபி பெண் வந்தாள். இவளுக்கு, என் மனைவிக்கு, இடுப்புப் புண் நன்றாக ஆறிவிட்டதாம். "நெஞ்சளவு தண்ணில நடந்தா உடம்புப் பாரம் இடுப்புல அவ்வளவா விழாது ஆன்ட்டி. ஜூலைல ஆரம்பிக்கலாம்." இவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவள் போன பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வரை வந்து, "மூலையில நிக்க மட்டி வாழையப் பாத்தீங்களா, என்னமா தளதளன்னு வந்திருக்கு" என்றாள். பேச்சை மாற்றுகிறாள். எனக்குத் தெரியும்.

ஜூன் 9

வக்கீலாக இருக்கிற அக்காள் மகள் ஆபீசுக்குப் போனேன், நாகர்கோவிலுக்கு. அந்தக் காண்ட்ராக்டருடைய விசிட்டிங் கார்டைக் காட்டினேன். 'கவர்ன்மெண்ட் லைசென்ஸ்டு காண்ட்ராக்டர்' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் வேலையைக் கொடுத்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இது பொதுப்பணித்துறைல டெண்டர் எடுக்கப் பதிஞ்ச பதிவு. ரோடு, ஓடை, பள்ளிக்கூடக் கட்டடம். நம்ம வீட்டுக் குளத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அப்போ எங்கே போய்ச் சொல்ல? நுகர்வோர் ஆணையம் என்றாள். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை என்றால் அது சேவை. சேவையில் குறை என்றால் 2019 சட்டம். நான் கொடுத்தது 9,40,000. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும், நாம் குடியிருக்கிற இடத்திலேயே போடலாம், குறை தெரிந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். 200 ரூபாய். இரண்டாவது தடவையும் கேட்டேன். 200தான்.

முதலில் ஒரு நோட்டீஸ் விடுவோம் என்றாள். பதிவுத் தபால், ஒப்புகைச் சீட்டோடு.

ஜூன் 10

கேரண்டி என்று எழுத்தில் எதுவும் இல்லை. லெட்டர்பேடில் எஸ்டிமேட் மட்டும். 'பத்து வருஷம் நான் பொறுப்பு' என்றது வாய் வார்த்தை. முற்றத்தில் நின்று சொன்னான், கையில் இவள் கொடுத்த கருப்பட்டிக் காப்பி.

ஜூன் 11

இருக்கிறது! வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். அக்டோபர் 14. "அண்ணாச்சி பயப்படாண்டாம், பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு போவாது." ஆறு தடவை கேட்டேன். இவள் ஏழாம் தடவை போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். இந்த மாதிரி போன் பதிவுக்குப் புது சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவுச் சான்று ஒன்று இதோடு வைக்க வேண்டுமாம். போனை மாற்றாதீங்க மாமா, எதையும் அழிக்காதீங்க என்கிறாள் மருமகள்.

ஜூன் 15

பக்கெட் 8. குளம் 31.

ஜூன் 16

கலிபோர்னியாவிலிருந்து மைத்துனன். "அத்தான், இங்க நீச்சல் குளம் கட்டுறவனுக்கே சி-53ன்னு தனி லைசென்ஸ் இருக்கு. லைசென்ஸ் வாரியத்துல புகார் குடுத்தா ஆள் வந்து பாப்பாங்க. காண்ட்ராக்டர் 25,000 டாலருக்கு பாண்ட் கட்டிருக்கணும். லைசென்ஸ் இல்லாதவன் 1,000 டாலர் வேலைகூட எடுக்க முடியாது." எல்லாம் சரி மாப்பிள்ளை. உன் வாரியத்தைத் தோவாளைக்கு அனுப்பி வை.

ஜூன் 20

இன்று அளக்கவில்லை. இவளுக்குக் காய்ச்சல்.

ஜூன் 21

காய்ச்சல் விட்டது. குளத்துக்கு ஹோஸ் போடப் போனவனைக் கூப்பிட்டு, "அந்தத் தண்ணிய விடுங்க, போர் வத்திரும். நான் என்ன நீச்சலா அடிக்கப் போறேன்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 26

பதில் நோட்டீஸ் வந்தது. 'ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் பலத்த காற்றினால் ஏற்படும் இயல்பான ஆவியாதல்.' வக்கீல் தமிழில் காற்றுக்கு மரியாதை கூடிவிட்டது. அடுத்த பாராவில், என் கட்சிக்காரர் நல்லெண்ண அடிப்படையில் குளம் முழுவதும் டைல்ஸ் உடைத்து வாட்டர் புரூஃப் செய்து தரத் தயார், செலவு 1,85,000. ஒழுகாத குளத்துக்கு எதற்கு வாட்டர் புரூஃப்?

பக்கெட் கணக்கைப் பற்றியும் ஒரு வரி. பக்கெட்டின் விளிம்பு காற்றை மறைக்குமாம்.

ஜூன் 27

கோபம் வந்ததுதான். ஆனால் அந்த வரி நியாயம். அட்டாலியில் இருந்து இவளுடைய கல்யாணச் சீர் உருளியை இறக்கினேன். வாய் அகலம், விளிம்பு தாழ்வு. இவள் ஒன்றும் சொல்லவில்லை, புளி போட்டுத் துலக்கித்தான் தண்ணீருக்குள் வைக்க வேண்டும் என்றாள்.

ஜூன் 28

உருளி 10. குளம் 31. ஒரு மில்லிமீட்டர் உனக்கு விட்டுத் தந்தேன். மீதி 21-க்குப் பதில் சொல்.

ஜூன் 29

இனி ஹோஸ் போடப்போவதில்லை. தானாக இறங்கட்டும். ஓட்டைக்குக் கீழே ஒழுகாது, ஒழுக முடியாது. எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம். மழை வலுத்து நிலத்தடி நீர் ஏறிவிட்டால் காலிக் குளம் மேலே எம்பி வெடிக்கும் என்று மஸ்கட்டில் ஒரு பாலஸ்தீன இன்ஜினியர் சொல்வார். அடிவரை விடமாட்டேன்.

ஜூலை 1

பேச்சிப்பாறைத் தண்ணீர் வாய்க்காலில் வந்திருக்கிறது. கன்னிப்பூ நெல் நடவு. அந்த அணையைக் கட்டி முடித்தது 1906-ல். கட்டின இன்ஜினியர் மிஞ்சின் துரை, ஊர்வாயில் மூக்கன் துரை. கல்லறையும் அங்கேயே. என் குளம் போன நவம்பரில் கட்டி முடித்தது.

ஜூலை 4

15 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது.

ஜூலை 9

30. படியில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு நாள்.

ஜூலை 12

வேகம் குறைகிறது. உருளி 9, குளம் 16.

ஜூலை 14

உருளி 8. குளம் 8.

நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். 8, 8. மட்டம் நிற்கிற இடம் மேல்பக்கச் சுவரில் உள்ள லைட். வட்டத்தின் மேல் பாதியில், பத்து மணி முள் நிற்கிற இடம். இவளைக் கூப்பிட்டேன். வாக்கரோடு வந்து எட்டிப் பார்த்து, "லைட்டா?" என்றாள். பிறகு, "அந்த வயர் வாழை மூட்டுக்குத்தானே போவுது" என்றாள்.

ஜூலை 15

உறக்கம் இல்லை. அந்த லைட்டைப் போட்டுவிட்டு, போன டிசம்பரில் பேரன் அதே தண்ணீரில் குதித்தான். 12 வோல்ட்தான், டிரான்ஸ்பார்மர் மோட்டார் ஷெட்டில்தான் இருக்கிறது, அதற்குப் பிறகு 230 குளத்துப் பக்கம் வருவதில்லை. ஆனால் யார் கனெக்ஷன் கொடுத்தது? எவனைக் கேட்டுக் கொடுத்தான்? வயர் வருகிற குழாய்க்குள் எட்டு மாசமாகத் தண்ணீர் ஓடியிருக்கிறது. மூன்று மணிக்கு எழுந்து டார்ச்சோடு போய் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தேன். இப்போது பூஜை அறையில் திருநீற்றுக் கப்பரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஜூலை 16

லைட்டுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நிரப்பி, அலை அடங்க விட்டேன். ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டு நீலம். தோளளவு தண்ணீரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, லைட்டின் ஓரத்தில் மெதுவாக ஒரு துளி விட்டேன். முதலில் புகை மாதிரி அங்கேயே தொங்கியது. பிறகு நூல் நூற்கிற மாதிரி மெலிந்து, வளைந்து, லைட் வளையத்துக்குப் பின்னால் போய்விட்டது. இன்னொரு துளி. அதுவும் போனது. டைல்ஸ் இடுக்கு, மிதக்கிற குப்பையை இழுக்கிற ஸ்கிம்மர் வாய், அடிச் சல்லடை, எல்லா இடத்திலும் விட்டுப் பார்த்தேன். அங்கெல்லாம் நீலம் நின்ற இடத்திலேயே கலைந்தது.

மருமகள் வீடியோ எடுத்தாள். "மாமா, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்." இவள் திண்ணையிலிருந்து, "வேண்டாம்மா, வீட்டுல ஒரு கேஸ் போதும்" என்றாள்.

ஜூலை 18

புகார் ஆன்லைனில் பதிவாகிவிட்டது. 200 ரூபாய். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், கேட்டால் இன்னும் 15. 45-க்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். தீர்ப்பு மூன்று மாசத்தில் வருமா என்றதற்கு, சட்டத்தில் அப்படித்தான் இருக்கு மாமா என்று சிரித்தாள்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. கன்னியாகுமரியில் அப்பாவுக்குத் தர்ப்பணம். முக்கடல் சங்கமத்தில் கால் வைக்க இடமில்லை. அப்பா மடையில் விரலை வைத்தே எத்தனை நாழிகை பாயும் என்று சொல்லுவார். ஸ்கேல் கிடையாது.

ஜூலை 30

காண்ட்ராக்டர் அவரே கூப்பிட்டார். ஆணையத்து நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்கும். சத்தம் தாழ்ந்திருந்தது. "அந்த நீல வீடியோவ ஒருக்கா அனுப்புங்க அண்ணாச்சி." அனுப்பினேன். ரெண்டு நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை.

ஆகஸ்ட் 2

காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார், ஒரு வயதான கொத்தனாரோடு. மட்டத்தைத் தாழ்த்தி, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி லைட்டை வெளியே எடுத்தார்கள். பின்னால் ஒரு குழி, குழிக்குள் வயர் போகிற குழாய் வாய். கொத்தனார் விரலை விட்டு எதையோ இழுத்தார். சிமெண்ட் சாக்குத் துண்டு. பாதி நைந்து, பாதியில் இன்னும் எழுத்து இருந்தது. அதை வைத்துத்தான் அடைத்திருக்கிறார்கள்.

"இத ஆரு வச்சது?" என்றார் கொத்தனார்.

அவர் குனிந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்க பயதான். லைட்டு வேலைய அவன்ட்ட விட்டுட்டு நான் வேற சைட்டுக்குப் போயிட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒழுகத்தான் செய்யுது அண்ணாச்சி."

இரண்டு மாசமாக அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தேன். என்னென்னவோ திருப்பிச் சொல்ல வைத்திருந்தேன். "காப்பி குடிக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டேன்.

வாழை மூட்டைத் தோண்டினார்கள். வயர் இணைப்புப் பெட்டி மண்ணுக்குள், குளத்து மட்டத்துக்கு ஒரு முழம் கீழே. குழாயில் வந்த தண்ணீரெல்லாம் அங்கே வடிந்திருக்கிறது. பெட்டியை மட்டத்துக்கு மேலே சுவரில் ஏற்ற வேண்டும், குழாய் வாயில் எபாக்ஸி வைத்து அடைக்க வேண்டும். டைல்ஸ் ஒன்றுகூட உடைக்க வேண்டாம். 1,85,000-ஐப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 3

எல்லாம் எழுத்தில் என்றாள் மருமகள். வேலை அவர் செலவு, இரண்டு வருஷப் பொறுப்பு, தண்ணீருக்கும் நோட்டீசுக்கும் சேர்த்து 15,000. லைட் கனெக்ஷனை வயர்மேன் லைசென்ஸ் உள்ள ஆள்தான் கொடுக்க வேண்டும். பதினைந்து நாள் அளந்து சரியாக இருந்தால்தான் ஆணையத்தில் சமரச மனு. அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட வந்தார். வாசிங்க என்றேன்.

ஆகஸ்ட் 5

எபாக்ஸி இரண்டு உருண்டை, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. கொழுக்கட்டை மாவு மாதிரிப் பிசைந்து, ஒரே நிறமானதும் வைத்தார் கொத்தனார்.

ஆகஸ்ட் 7

உருளி 8. குளம் 8.

ஆகஸ்ட் 8

உருளி 7. குளம் 7.

ஆகஸ்ட் 11

7, 7. வாழை வாடுகிறது. ஹோஸை அந்தப் பக்கம் திருப்பிவிடச் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 15

பிசியோ பெண்ணுக்குப் போன் செய்தேன். செவ்வாய் வருகிறாள்.

ஆகஸ்ட் 19

குளம் 10.

எட்டு நடை நடந்தாள், கைப்பிடியை விடாமல். படியெல்லாம் ஈரம், திண்ணை வரை ஈரம். பேரன் குதித்ததில் உருளி கவிழ்ந்துவிட்டது.