தம்பியின் கஞ்சா வழக்கு மேல்முறையீடு: சாக்கோடு போட்ட எடை

மேல்முறையீடு என்றால் நம் பக்கத்துக் கதையை ஹைகோர்ட் நீதிபதியிடம் முதலிலிருந்து சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். தம்பிக்குப் பத்து வருடம் என்று தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வராந்தாவில் அம்மாவிடமும் அதையே சொன்னேன். "அங்க போய் எல்லாத்தையும் சொல்லிடலாம்மா." அங்கே யாரும் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வாதம் நடந்த நாளில் அவன் சிறையில் இருந்தான். பேசியது முழுக்கக் காகிதங்கள்தான்.

வழக்கு 2019-ல் தொடங்கியது. தம்பி வாடகைக்குக் குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு சாக்கு கஞ்சா இருந்ததாகப் பிடித்தார்கள். ஒன்று 10 கிலோ 300 கிராம், இன்னொன்று 10 கிலோ 200 கிராம். மூட்டை ஏற்றிய ஆளைப் பற்றித் தம்பி சொன்னான். அந்த ஆள் கடைசிவரை கிடைக்கவில்லை. போதைப்பொருள் சட்டத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. பொருள் உன் கையில் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், அது இருப்பது தெரியாது என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். தம்பியால் முடியவில்லை. 2022 மார்ச்சில் பத்து வருடக் கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம்.

தீர்ப்பு நகல் தம்பிக்கு இலவசமாகக் கிடைத்தது. தண்டனை பெற்றவருக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். சாட்சிகளின் வாக்குமூலம், மகஜர் (பொருளைப் பிடித்தபோது எழுதிய பதிவு), ரசாயன அறிக்கை எல்லாம் சேர்ந்த கேஸ் கட்டு மட்டும் முதல் வக்கீலிடம் இருந்தது. பாக்கிப் பணம் கொடுத்தால்தான் தருவேன் என்றார். ஹைகோர்ட்டுக்கு மேல்முறையீடு செய்யக் கெடு 60 நாள். நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நாட்களை அதில் கழித்துக்கொள்வார்கள். இது தெரியாமல் நான் தினமும் காலண்டரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். பிறகு அவர் கட்டுக்காகக் காத்திருக்காமல் கோர்ட்டிலேயே மனுப் போட்டுச் சான்று நகல் வாங்கினோம். அதை முதல் வாரமே செய்திருக்கலாம். அப்படியும் பதினோரு நாள் தாமதமாகிவிட்டது. காரணம் சொல்லி ஒரு மனு போட்டோம், மன்னித்தார்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை. சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதை நான் வேலை செய்யும் மண்டிக்கு வரும் ஒரு ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீட்டை அனுப்பலாம், அதுவும் உண்டு. நாங்கள் ஹைகோர்ட் சட்டப் பணிக் குழுவுக்கு எழுதினோம். ஒரு பெண் வக்கீலை ஒதுக்கினார்கள். இலவச வக்கீல் என்றால் கடனே என்று வருவார் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். எங்கள் அனுபவம் அப்படி இல்லை. வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்தில் தம்பியின் கையெழுத்தைச் சிறையில் வாங்கி, அதிகாரி சான்றளித்து, அது வந்து சேரவே மூன்று வாரம்.

மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்தி வைக்கும் மனுவும் போட்டோம். மற்ற வழக்குகளில் இது ஓரளவு எளிதாகக் கிடைக்குமாம். இதில் போதைப்பொருள் சட்டத்தின் 37ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. பிடிபட்டது வணிக அளவு (சட்டம் வகுத்திருக்கும் பெரிய அளவு) என்றால், ஆள் குற்றம் செய்யவில்லை என்று நம்பக் காரணம் இருக்கிறது, வெளியே போனால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்று இரண்டிலும் கோர்ட்டுக்குத் திருப்தி வர வேண்டும். ஒருமுறை ஏற்கெனவே தண்டனை கொடுத்தாயிற்று, இனி குற்றம் செய்யவில்லை என்று நம்பு என்றால் யார் நம்புவார்? மனு தள்ளுபடி.

அப்புறம் காத்திருப்புதான். லிஸ்டில் வருகிறதா என்று வாரத்துக்கு இரண்டு முறை செல்போனில் பார்ப்பேன். வரும், நேரம் போதாமல் அடுத்த வாரத்துக்குப் போகும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மூன்று வருடம் அப்படியே போனது.

மேல்முறையீட்டுக்கு என்று முதல் வக்கீல் எழுதி வைத்திருந்த காரணங்களில் பாதி, அதே சட்டத்தின் 50ஆவது பிரிவைப் பற்றியது. சோதனை போடும்போது மாஜிஸ்ட்ரேட் முன்னிலையிலோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையிலோ சோதிக்கச் சொல்ல உனக்கு உரிமை உண்டு என்று தம்பியிடம் சொல்லவில்லை என்று. எங்களுக்கு ஒதுக்கிய வக்கீல் மேடம் அதைப் படித்துவிட்டுக் கோடு போட்டு அடித்தார். "அது உடம்பைச் சோதிக்கிறதுக்குத்தாங்க. வண்டியில இருந்த சாக்குக்கு இது நிக்காது."

சாக்கு. அந்தச் சொல்லைப் பிடித்தது தம்பிதான். ஒருநாள் மனு போட்டுச் சிறையில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். இன்டர்காமில் குரல் கரகரத்தது. வழக்கம்போல அம்மாவைக் கேட்டான், அப்புறம், "அக்கா, குறுக்கு விசாரணையில அந்த இன்ஸ்பெக்டர் சாக்கைப் பத்தி என்னமோ சொன்னாரே, அது பேப்பர்ல ஏறியிருக்கா பாரு" என்றான்.

அன்று இரவு நகலைப் பிரித்தேன். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. அ.சா.2, அதாவது அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சியான அந்த இன்ஸ்பெக்டரின் வாக்குமூலம், நான்காவது பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி: "சாக்கோடு சேர்த்துத்தான் எடை போட்டேன். சாக்கை மட்டும் தனியாக எடை போடவில்லை." கேட்டவரும் அதோடு விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தார். தீர்ப்பில் அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் கமிஷன் மண்டியில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சாக்குக் கழிக்காமல் ஒரு மூட்டைகூட என் நோட்டில் ஏறியதில்லை. கோணிச் சாக்கு ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் வரும், ஈரம் பட்டால் இன்னும் கூடும். இரண்டு சாக்கு, ஒரு கிலோவுக்கு மேல். 20 கிலோ 500-ல் அதைக் கழித்தால் 20-க்குக் கீழே வந்துவிடுகிறது. சட்டத்தில் கஞ்சா 20 கிலோவுக்கு மேல் போனால்தான் வணிக அளவு. அங்கேதான் குறைந்தபட்சம் பத்து வருடம், அதற்குக் கீழே கொடுக்க நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது. ஒரு கிலோவுக்கு மேல் 20 வரை என்றால் பத்து வருடம் என்பது உச்சம், குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை. என் தம்பியின் பத்து வருடம் அந்த இரண்டு கோணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மேடத்திடம் ஓடினேன், ஒரு சாக்கை எடை போட்டு எடுத்துக்கொண்டு. சிரித்தார். "இந்தச் சாக்கு எதுக்கும்மா? அவங்க பிடிச்சது வேற சாக்கு. நாம எடையை நிரூபிக்க வேணாம். 20-க்கு மேல இருந்ததுன்னு அவங்கதான் நிரூபிக்கணும். அந்த ஒரு வரி போதும்."

2025 ஜூனில் வாதம் நடந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மொத்தம் நாற்பது நிமிடம் இருக்கும். கஞ்சா இருந்தது தம்பிக்குத் தெரியாது என்ற வாதத்தை மேடம் முதலில் வைத்தார். நீதிபதி இரண்டு கேள்வி கேட்டார், அது எடுபடவில்லை என்று எனக்கே புரிந்தது. பிறகு மேடம் எடைக்கு வந்தார். அரசு வக்கீல் எழுந்து, 2020-இல் உச்ச நீதிமன்றம் ஹீரா சிங் வழக்கில் மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டதே என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேடம் பதற்றப்படவில்லை. அந்தத் தீர்ப்பு போதைப்பொருளோடு கலந்திருக்கும் வேறு பொருளைப் பற்றியது, பொட்டலம் கட்டிய சாக்கைப் பற்றியது இல்லை என்றார். நீதிபதி வாக்குமூலத்தை வாங்கி, அந்த நான்காம் பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். அவருடையதும் அதே கரைந்த ஜெராக்ஸ்தான்.

தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. விடுதலை இல்லை. கஞ்சா வண்டியில் இருந்தது உண்மை, தெரியாது என்பதை அவன் நிரூபிக்கவில்லை, குற்றம் நிற்கிறது. ஆனால் வணிக அளவு என்பது சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை. தண்டனையை அனுபவித்த காலத்தோடு முடித்துக்கொண்டார்கள், அபராதம் 25,000 ஆனது. விசாரணைக் காலத்தில் இருந்த பதினான்கு மாதத்தையும் சேர்த்து நான்கு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறான். அம்மாவுக்கு இதை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. "அப்ப அவன் தப்பு செஞ்சான்னா, செய்யலைன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்கு அந்தத் தீர்ப்பில் அம்மா கேட்கிற மாதிரியான பதில் இல்லை.

உத்தரவு கையில் கிடைத்ததும் ஆள் வந்துவிடுவான் என்று நினைக்க வேண்டாம். அபராதம் கட்டிய ரசீதைக் காட்டி, தண்டித்த கோர்ட்டிலிருந்து வாரண்ட் சிறைக்குப் போய், வேறு வழக்கு ஏதும் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்து முடிக்க ஆறு நாள் ஆனது.

குற்றத் தீர்ப்பையே எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போக 90 நாள் இருக்கிறது என்று மேடம் சொன்னார். தம்பி போதும்க்கா என்றான். இப்போது அங்கங்கே ஆக்டிங் டிரைவராகப் போகிறான். ஏற்றுகிற மூட்டை ஒவ்வொன்றையும் தைத்த வாயைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பதால், ஒருமுறை கூப்பிட்டவர்கள் மறுமுறை கூப்பிடுவதில்லை.