இன்னும் ஒருவர் வேண்டும்

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், அப்பா நாற்றங்காலில். மன்னார்குடி வீட்டுத் திண்ணையில் நான், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழை, இன்று எல்லாக் கருவியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றும் எங்கள் திறமூல (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய) நிரலோடு. ஆறு வருடமாக நான் ஒருத்திதான் பராமரிக்கிறேன்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசெட் (XZ) என்ற, கோப்புகளைச் சுருக்கும் திறமூல நிரலின் விவகாரம் வெளியானபோது தூக்கமே வரவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதன் 5.6.0 பதிப்பில் பின்கதவு, அதாவது கணினிக்குள் ரகசியமாக நுழைய வழி, வைத்திருந்தார். அதற்காக ஆளே சேர்க்காமல் இருக்க முடியுமா? அங்கே பராமரித்துவந்த ஒற்றை ஆள் களைத்துப்போனதால்தானே அந்த வழி கிடைத்தது.

போன மாதம் தஞ்சாவூர் மாணவி ஒருத்தி மாற்றும்போது 'ஸ்ரீ' எழுத்து உடைவதைச் சரிசெய்து அனுப்பினாள். கூடவே அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரலும் எழுதியிருந்தாள்! இப்போது பிழை அறிக்கைகளை அவள் பிரிக்கிறாள். அப்புறம் மற்றவர்களின் திருத்தங்களைச் சரிபார்ப்பாள். புதுப் பதிப்பை வெளியிடும் உரிமை கடைசியில்தான்.

இன்னொருவர் வேண்டும். நிரல் தெரியாவிட்டாலும் சரி, பழைய பாமினி கோப்புகளோடு வாருங்கள்.