இன்னும் எத்தனை இரவு பொறுப்பது?

ஜனவரி 6

நேற்றும் 3 மணிக்கு விழிப்பு. முதலில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஏதோ கெட்ட செய்தி வந்ததுபோல ஒரு பதற்றம், அப்புறம் மார்பிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து முகத்துக்கும் அனல் ஏறுகிறது, போர்வையை உதறித் தள்ளுகிறேன், நாலைந்து நிமிடத்தில் முதுகு முழுக்க நனைந்து அந்த ஈரத்திலேயே குளிரெடுக்க ஆரம்பிக்கிறது. தலையணையைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் ஏற்கெனவே 12 மணிக்கு நனைந்தது. உடை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து விடியும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு 48 வயது. பீரியட்ஸ் இன்னும் நிற்கவில்லை. போன வருடம் ஒரு தடவை 24 நாளில் வந்தது, அடுத்தது 51 நாள் கழித்து, அதற்கடுத்தது மறுபடி 22 நாளில். 'இன்னும் நிற்கவில்லையே, நின்றபிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பீரியட்ஸ் நிற்கும் வயதில் வரும் இந்தத் தொந்தரவுகளுக்கு ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா என்பதைவிட, எப்போது எடுப்பது என்பதுதான் என்னை அரிக்கிறது. இனி நடப்பதையெல்லாம் எழுதி வைக்கப்போகிறேன்.

ஜனவரி 14

மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சொல் வரவில்லை. 'தவணை'. தினமும் இருபது முறை சொல்கிற சொல். வாயைத் திறந்தபடி நின்றேன், எல்லோரும் காத்திருந்தார்கள், கடைசியில் "அதாவது மாதாமாதம் கட்டுவது" என்று சுற்றிவளைத்துச் சொல்லி முடித்தேன். அந்த நேரம் பார்த்து அனலும் ஏறியது. அம்மாவின் தோழி ஒருவர் மறதிநோயில் எல்லோரையும் மறந்துபோனது நினைவுக்கு வந்து, வீடு வந்து சேரும்வரை அழுகையை அடக்கிக்கொண்டே வந்தேன்.

இரவு உட்கார்ந்து படித்தேன். இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறைவதில்லை, ஒரு வாரம் உச்சத்துக்குப் போகும், அடுத்த வாரம் அதலபாதாளத்தில் கிடக்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் ஞாபகமும் தடுமாறுகிறது, தூக்கம் கெட்டால் இன்னும் மோசம், பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கட்டம் கடந்தபிறகு சரியாகிவிடுகிறது. படித்ததும் ஒரு மூச்சு வந்தது.

ஜனவரி 19

அக்காவிடம் போனில் பேசினேன். அவளுக்கு 54, நின்று நாலு வருடம் ஆகிறது.

"ஹார்மோன் மாத்திரையெல்லாம் வேண்டவே வேண்டாம். பெரியம்மாவை மறந்துட்டியா? நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டலையா, நீயும் ஓட்டிடுவே."

பெரியம்மாவுக்கு 66 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அவர் வாழ்நாளில் ஒரு ஹார்மோன் மாத்திரைகூட விழுங்கியதில்லை, ஆனால் எங்கள் வீட்டில் 'ஹார்மோன்' என்று யாராவது சொன்னாலே அவர் முகம்தான் எல்லோருக்கும் வரும். எனக்கும்தான். ஆனால் எனக்கு இன்னொரு முகமும் வருகிறது, பீரியட்ஸ் நின்றபின் எலும்பும் மெலியும் என்பதால். அம்மா 71 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அதற்குப்பிறகு வாக்கர் இல்லாமல் அவர் ஓர் அடி எடுத்துவைத்ததே இல்லை. அந்த ரப்பர் கால்கள் தரையில் பதியும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிப்ரவரி 2

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். 2002 ஜூலையில் அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வில் ஹார்மோன் மாத்திரை கொடுத்த ஒரு பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு நாலும் கூடுகின்றன என்று செய்தி உலகம் முழுக்கப் பரவியது, லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையை ஒரே நாளில் விட்டார்கள், மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கவே தயங்கினார்கள்.

விவரத்தை நிதானமாகப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அதில் 16,608 பெண்கள், வயது 50 முதல் 79 வரை, சராசரி 63. அதாவது பாதிப் பேருக்கும் மேல் பீரியட்ஸ் நின்று பத்து வருடமோ அதற்கு மேலோ ஆனவர்கள். ஆய்வின் நோக்கமும் அனலைக் குறைப்பது இல்லை, இதயநோயைத் தடுக்க முடியுமா என்று பார்ப்பது. புற்றுநோய்க் கணக்கு இது: 10,000 பெண்களை ஒரு வருடம் கவனித்தால், மருந்து எடுக்காதவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய், எடுத்தவர்களில் 38 பேருக்கு. அந்த எட்டுப் பேரை நான் குறைத்துப் பேசமாட்டேன், எட்டும் எட்டு வீடு. ஆனால் நான் இத்தனை காலம் மனதில் வைத்திருந்த எண் எட்டு இல்லை, ஆயிரக்கணக்கு. அதே ஆய்வில் இடுப்பு எலும்பு முறிவு 15 பேரிலிருந்து 10 பேராகக் குறைந்திருந்தது. அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பகுதியும் இருந்தது. அதை 2004இல் நிறுத்தினார்கள், அதில் பக்கவாதம் கூடியது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

பிப்ரவரி 9

முதல் மருத்துவரைப் பார்த்தேன். எஃப்எஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனின் அளவைப் பார்ப்பது) எழுதினார், முடிவு வந்தது, 'நார்மல்' என்றார். "பீரியட்ஸ் வந்துகொண்டுதானே இருக்கிறது? ஒரு வருடம் முழுசாக நிற்கட்டும், அப்புறம் வாருங்கள்." நான் 3 மணி விழிப்பைச் சொன்னேன். "இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான்" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து வண்டியில் சாவியைப் போடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 16

அந்தப் பரிசோதனையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். எஃப்எஸ்ஹெச் இந்தக் கட்டத்தில் நாளுக்கு நாள் ஏறி இறங்கும், இன்று நார்மல் என்றால் அடுத்த வாரம் இரண்டு மடங்காக இருக்கலாம். 45 வயது தாண்டியவர்களுக்கு இந்த அறிகுறிகளும் பீரியட்ஸ் மாறுவதும் இருந்தாலே போதும், ரத்தப் பரிசோதனை வழக்கமாகத் தேவையில்லை என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்' 2015இலிருந்தே சொல்கிறது. 40 வயதுக்குள் பீரியட்ஸ் நிற்பவர்களின் கதை தனி, அவர்களுக்குப் பரிசோதனை அவசியம், மருந்துக்குத் தடையாக ஒன்றும் இல்லையென்றால் இயல்பாக நிற்கும் வயதுவரையாவது ஹார்மோன் எடுக்கச் சொல்கிறார்கள். எலும்புக்காகவும் இதயத்துக்காகவும்.

இன்னொன்று. மெனோபாஸ் என்பது கடைசி பீரியட்ஸ் வந்து 12 மாதம் ஆனபிறகு திரும்பிப் பார்த்துச் சொல்லும் பெயர். வரும்போது யாருக்கும் தெரியாது. அனலும் தூக்கமின்மையும் அதற்குப் பல வருடம் முன்பே வந்துவிடுகின்றன. அமெரிக்காவில் 'ஸ்வான்' என்று ஒரு நீண்டகால ஆய்வு, பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. அனலும் இரவு வியர்வையும் பாதிப் பேருக்கு 7.4 வருடத்துக்கும் மேல் நீடித்தன, பீரியட்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே தொடங்கியவர்களுக்கு இன்னும் நீளம், 11 வருடத்தைத் தாண்டியது. எனக்கு அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. நான் ஒரு வருடம் பொறுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8

மூன்று வாரமாக நோட்டில் குறித்தேன். அனல் ஏறும் ஒவ்வொரு முறையும் பகலில் ஒரு கோடு, இரவில் ஒரு சுழி. 21 நாளில் 96 கோடு, 58 சுழி. முழுசாகத் தூங்கிய இரவு இரண்டு. அந்த இரண்டின் மறுநாளும் நான் யாரிடமும் சிடுசிடுக்கவில்லை என்று மகள்தான் சொன்னாள்: "அம்மா, நீ நேத்து பழைய மாதிரி இருந்தே." அந்த 'பழைய மாதிரி' என்னை ரொம்ப நேரம் விடவில்லை.

மார்ச் 15

இரண்டாவது மருத்துவர். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நாற்பது நிமிடம் பேசினோம். புற்றுநோய் இருந்ததா, காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, ஈரல் நோய், மாரடைப்பு, பக்கவாதம், பீரியட்ஸ் நடுவே காரணம் தெரியாத ரத்தப்போக்கு, எல்லாம் கேட்டார். எதுவும் இல்லை. இருந்திருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும், அனலுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு, மனப்பயிற்சி முறையும் சிலருக்குக் கைகொடுக்கிறது என்றார். பெரியம்மாவைச் சொன்னேன். ஒரே ஓர் உறவினர், அதுவும் 60க்கு மேல் வந்தது என்றால் அது மட்டும் தடை ஆகாது, ஆனால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்த்துவிட்டுத் தொடங்கலாம் என்றார்.

எப்போது தொடங்குவது சரி என்று கேட்டேன். 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு, தொந்தரவு இருக்குமானால், நன்மை பெரும்பாலும் ஆபத்தைவிட அதிகம் என்றார். நின்றபிறகுதான் தொடங்க வேண்டும் என்று எங்கும் இல்லை. இதயத்தைக் காக்கவோ மறதியைத் தடுக்கவோ மட்டும் என்று இதை எடுப்பதும் சரியில்லை என்று அவரே சொன்னார். அது எனக்கு நம்பிக்கை தந்தது, எல்லாம் தீரும் என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னும் மோசமாகட்டும் என்றுதான் காத்திருந்தேன் போலிருக்கிறது. எவ்வளவு மோசமானால் கேட்கலாம் என்று எனக்கு யாரும் ஓர் அளவுகோல் தரவில்லை, நானாக அதைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போயிருக்கிறேன்.

மார்ச் 22

மேமோகிராம் சரியாக இருக்கிறது. ரத்த அழுத்தமும் சரி. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பயமா இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "எடுக்கறதுக்கா, எடுக்காம இருக்கறதுக்கா?" இருபது வருடத்தில் அவர் கேட்ட நல்ல கேள்விகளில் இது ஒன்று. இரண்டுக்கும்தான். எடுக்காமல் இருப்பதில் ஒரு செலவும் இல்லை என்றுதான் இதுவரை கணக்குப் போட்டிருந்தேன், 58 சுழிகளை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மூன்று மாதம் எடுத்துப் பார்ப்பது, அப்புறம் மறுபரிசீலனை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை. இந்த வாசலில் நுழைந்தால் திரும்பி வர முடியாது என்று நினைத்திருந்தேன். மருந்து தோலில் ஒட்டுகிற பேட்ச்தான், வேண்டாம் என்றால் உரித்துவிடலாம், அவ்வளவுதான்.

மார்ச் 29

இன்று முதல் பேட்ச். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, கண்ணாடித்தாள் போல மெல்லியது. இடுப்புக்குக் கீழே, எண்ணெய் ஈரம் இல்லாத தோலில் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மார்பில் ஒட்டக் கூடாது. வாரம் இரண்டு முறை, இடம் மாற்றி. மாத்திரை ஈரல் வழியாகப் போவதால் ரத்தக்கட்டு ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது, தோல் வழியாக வழக்கமான அளவில் போனால் அப்படிக் கூடுவதாகத் தெரியவில்லை, அதனால் பேட்ச். இதில் இருப்பது எஸ்ட்ரடயால், சினைப்பையில் சுரப்பதும் அதே. 2002 ஆய்வில் கொடுத்தது சினைப்பிடித்த குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த கலவை.

கர்ப்பப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, உட்சுவர் தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோயாகும் அபாயம் உண்டு. எனவே மாதத்தில் 12 இரவு, உட்சுவரைக் காக்கும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோன், 200 மில்லிகிராம், படுக்கப் போகும்போது. அது முடிந்ததும் பீரியட்ஸ் வரும். இது கருத்தடை ஆகாது என்பதையும் மருத்துவர் அழுத்திச் சொன்னார்.

ஏப்ரல் 5

ஒரு மாற்றமும் இல்லை. பேட்சின் ஓரத்தில் துணி நூல் ஒட்டிக் கறுப்பாகிறது. மார்பு கனக்கிறது.

ஏப்ரல் 19

நேற்று ஒரே ஒரு சுழி. புரோஜெஸ்டிரோன் போட்ட இரவுகளில் கண் சொருகுகிறது, காலையில் கொஞ்சம் மந்தம். நடுவில் இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டது, பயந்து போன் செய்தேன். முதல் சில மாதம் இப்படி இருக்கலாம், ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ அதிகமானாலோ உடனே பார்க்க வேண்டும் என்றார்கள். தேதியைக் குறித்து வைத்தேன்.

மே 10

ஆறு வாரம். இந்த வாரம் கோடு 5, சுழி 2. நேற்று கண் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது, மணி தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்தேன், தலையணையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. சொற்கள் இன்னும் சில நேரம் நழுவுகின்றன, ஆனால் நழுவும்போது பதறுவதில்லை.

மே 24

இரவு பத்து மணிக்கு அக்கா கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவள் கூப்பிடுவதே இல்லை. குரலைத் தாழ்த்திப் பேசினாள். இந்த வருடம் மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று, எரிச்சல், அங்கே எப்போதும் வறட்சி, இரண்டு வருடமாக அத்தானிடம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியது இதைத்தான்.

அனல் மாதிரி இது தானாகப் போகிறது இல்லை, நாளாக நாளாகக் கூடும், பிறப்புறுப்பில் மட்டும் வைக்கிற குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் சேரும், பேட்ச் மாதிரி உடம்பு முழுக்கப் போகிற சிகிச்சை அது இல்லை, டாக்டரிடம் அதைக் கேள் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அந்த டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு சொல்லு. இரு, இரு, பேனா எடுத்துட்டு வரேன்."