பிடியரிசி முட்டி

எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்புக்கு இடப்பக்கம், புகை குடித்துக் கறுத்த சுவரோரமாக, ஒரு சின்ன மண்முட்டி இருந்தது. அதன் வாயைச் சிரட்டை ஒன்று மூடியிருக்கும். அம்மா சுண்டால் அரிசியை அளந்து சுளகில் கொட்டியதும், அதிலிருந்து ஒரு கை அள்ளி அந்த முட்டிக்குள் போடுவார். பிறகுதான் கல் பொறுக்குவதும் அரிசி களைவதும். வீட்டில் ஆள் கூடினாலும் குறைந்தாலும், காய்ச்சலில் கிடந்தாலும், அந்த ஒரு பிடி தவறியதில்லை.

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியில் படித்த நம்மில் பலருடைய வீடுகளிலும் இப்படி ஒரு முட்டியோ பால்மாப் பேணியோ இருந்திருக்கும். பழைய மாணவியர் மலருக்கு எதையாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது வகுப்பறையும் இல்லை, விளையாட்டுப் போட்டியும் இல்லை. அந்த முட்டிதான். பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதச் சொன்னால் இவள் குசினியைப் பற்றி எழுதுகிறாள் என்று நினைக்க வேண்டாம். அம்மாவும் உடுவிலில் படித்தவர். அந்தப் பழக்கம் அங்கேயிருந்துதான் தன் கையோடு வந்தது என்று சொல்லுவார்.

மாதத்தின் முதல் ஞாயிறு அம்மா அரிசியை ஓலைப்பெட்டியில் கொட்டி வேதக்கோயிலுக்குக் கொண்டு போவார். ஆராதனை முடிந்ததும் மாதர் சங்கத்தார் பின்னறையில் ஒரு சாக்கை விரித்து, எல்லார் வீட்டு அரிசியையும் ஒன்றாகக் கொட்டுவார்கள். பெரும்பகுதியை விற்று, பணம் ஊழியத்துக்குப் போகும். கொஞ்சத்தை எடுத்து வைத்து, ஊரில் ஆருமற்ற இரண்டு மூன்று முதியவர்களுக்குக் கொடுப்பார்கள். அந்த அறைச் சுவரில் ஒரு வசனம் தொங்கும்: "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்." எனக்கு அந்த வசனத்தைக் கண்டாலே பயம். உற்சாகம் இல்லாமல் கொடுக்கிறவர்களை அவர் என்ன செய்வார் என்று எழுதியிருக்கவில்லையே.

1974. எனக்குப் பதின்மூன்று வயது. அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கூப்பன் அரிசி, பாணுக்கு விடியுமுன் வரிசை, வன்னியிலிருந்து ஒரு பை அரிசி கொண்டுவந்தால் வழியில் மறித்துச் சோதனை. வெங்காயமும் மிளகாயும் நட்ட செம்மண்காரருக்கு அது நல்ல காலம். இறக்குமதி நின்றதால் விலை ஏறி, இணுவில், சுன்னாகம் பக்கம் கல்வீடுகள் எழும்பின. எங்களுக்குத் தோட்டம் இல்லை. அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். இரவில் மரவள்ளிக்கிழங்கு, இல்லையென்றால் ஒடியல் பிட்டு. சோறு மத்தியானம் மட்டும், அதுவும் அளந்துதான்.

அப்படிப்பட்ட நாளிலும் அம்மா ஒரு பிடி எடுத்து முட்டிக்குள் போட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பிடி என் தட்டிலிருந்து எடுத்த பிடி என்றே எனக்குத் தோன்றும். ஒருநாள் அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் சிரட்டையைத் தூக்கி, ஒரு பிடியை அள்ளிச் சுளகு அரிசியோடு கலந்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சோறும் கூடியதாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம். மறுநாளும் செய்தேன். அந்த மாதம் முழுக்கவும் செய்தேன்.

முதல் ஞாயிறு வந்தது. அம்மா முட்டியைக் கவிழ்த்தார். ஓலைப்பெட்டியின் அடி மறையுமளவுக்குத்தான் அரிசி விழுந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "பின்னேரம் என்னோட ஒரு இடத்துக்கு வா பிள்ளை" என்றார், அவ்வளவுதான்.

போன இடம் ஒரு ஆச்சியின் வீடு. வீடென்றால் தலைவாசலோடு ஒரு அறை, மேலே ஓலை. அந்த ஆச்சி முந்தி வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டும் ஊழியத்தில் இருந்தவர். புருசன் இல்லை, பிள்ளையும் இல்லை. மாதர் சங்கத்தார் கொடுத்த அரிசியை அம்மா அவர் முன்னால் வைத்தார். ஆச்சி அதைச் சுளகில் பரப்பி, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இஞ்ச பார் பிள்ளை, இது மொட்டைக்கறுப்பன். ஆரோ தோட்டக்காரர் வீட்டில இருந்து வந்திருக்கு. இது கூப்பன் அரிசி, நாத்தத்திலயே தெரியும். இந்த வெள்ளைச் சம்பா போதகர் வீட்டுது."

ஒவ்வொரு வீட்டையும் அரிசியிலேயே கண்டுபிடித்தார். எங்கள் வீட்டு அரிசி எது என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்கு நெஞ்சு அடித்தது. கேட்கவில்லை. அந்த அரிசியில் ஒரு சுண்டு எடுத்துக் கஞ்சி வைத்து, எங்களைக் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று மறித்துவிட்டார். அம்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஆச்சி விடவில்லை.

பிடியரிசிக் கஞ்சியைக் குடித்தவர்களுக்குத் தெரியும், அது ஒருபோதும் ஒரே பதமாக வேகாது. வெள்ளை அரிசி கரைந்து பசையாகிவிடும், சிவப்பு அரிசி பல்லில் கடிபடும். அந்தக் கஞ்சி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நான் முட்டியிலிருந்து எடுத்தது இவருடைய அரிசியை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஆச்சியோ, எங்களுக்கு ஊற்றிவிட்டு, குந்தியிருந்து நாங்கள் குடிப்பதைப் பார்த்துக் கன்னம் குழியச் சிரித்துக்கொண்டிருந்தார். மாதத்தில் ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் நாங்கள். சுவரில் தொங்கிய வசனத்தின் உற்சாகத்தை நான் முதன்முதலாகக் கண்டது, வாங்கிய அரிசியிலேயே திருப்பிக் கொடுத்த அந்த மனுசியின் முகத்தில்தான்.

வரும் வழியில் அம்மாவிடம், "எனக்குச் சந்தோசமாக் குடுக்க வரேல்லையே, என்ன செய்ய?" என்று கேட்டேன். "எனக்கும் எல்லா நாளும் வாறேல்லை. கை போடும், மனம் பிறகு வரட்டும்" என்றார்.

பள்ளியில் மிஸ் அக்னியூவின் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். எலைசா அக்னியூ நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில் பூகோள பாடத்தில் உலகப் படத்தைப் பார்த்தபோதே தூர தேசத்துக்கு ஊழியம் செய்யப் போவேன் என்று தீர்மானித்தவர். பெற்றோர் இருக்கும்வரை பொறுத்திருந்து, 1840-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1879 வரை உடுவில் பள்ளியை நடத்தினார். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்களுக்குப் படிப்பித்தார். ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அவருக்குப் பெயர். அந்த நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட அமெரிக்காவுக்கு விடுமுறையில் போகவில்லை. ஏன் என்று கேட்டால், நேரமில்லை, வேலை இருக்கிறது என்பாராம்.

அந்தப் பதில் எனக்குச் சின்ன வயதில் பிடிக்கவே இல்லை. பாவம், ஊருக்குப் போக ஆசை இருந்திருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டார் என்று நினைப்பேன். தியாகம் என்றால் முகத்தில் ஒரு சோகம் இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். பேச்சுப் போட்டிகளில் நாம் அப்படித்தானே பேசினோம், மெழுகுவர்த்தி உருகுகிறது என்று. இப்போது நினைத்தால், அவர் உருகவில்லை. அவருக்கு உண்மையிலேயே நேரமில்லை. நாள் முடியும்போது மிச்சமிருந்த வேலையை நினைத்துக்கொண்டு படுத்த ஒரு பெண்ணை நாம் மெழுகுவர்த்தி ஆக்கிவிட்டோம்.

கடைசிக் காலத்தில் அவர் மானிப்பாயில் லீச் சகோதரிமாரின் வீட்டில் இருந்து, 1883-இல் காலமானார். அந்தச் சகோதரிகள் இருவரும் பிறகு கடல் கடந்து போய்ப் பணம் சேர்த்ததால் எழுந்ததுதான் 1898-இல் திறந்த இணுவில் மக்லியோட் ஆஸ்பத்திரி. அம்மா என்னைப் பெற்றது அங்கேதான். ஆக, எங்கோ ஒரு வீட்டில் யாரோ போட்ட ஒரு பிடிக்கு நானும் கடன்காரி.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நம் ஊரில் பலருக்கே இது தெரியாது. 1900-இல் யாழ்ப்பாண மாணவர்கள் ஒரு மிஷன் சங்கம் தொடங்கி, தங்கள் காணிக்கையில் பாக்குநீரிணைக்கு அக்கரையில் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். 1902-இல் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரரான அசரியா யாழ்ப்பாணம் வந்து இதைப் பார்த்தார். பார்த்தவருக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பிப் போய், 1903 பெப்ரவரியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்குவதற்கு முன்னின்றார். 1912-இல் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவரும் அவரே. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சில்லறை எங்கே போய் முட்டியிருக்கிறது பாருங்கள்.

நான் 1981-இல் தாதிப் படிப்புக்கு லண்டன் வந்தேன். இரண்டு வருடத்தில் திரும்புவதாக நினைப்பு. பிறகு போர் வந்தது, உங்களுக்குத் தெரியும். மிஸ் அக்னியூ போகாமல் இருந்தார். எங்களுக்குப் போக முடியாமல் போனது. இரண்டையும் ஒன்றாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில், கொட்டும் மழையில் வெளிக்கிட்டபோது அம்மாவும் நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்குப் போனார். சில மாதம் கழித்து அவருடைய கடிதம் ஒன்று வந்து சேர்ந்தது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு சைவக் குடும்பம் தங்கள் மாட்டுக்கொட்டிலைக் கழுவித் துப்புரவாக்கி இடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் கோயில் அன்னதானத்துக்கென்று ஒரு பிடியரிசிப் பானை இருந்திருக்கிறது. அந்த வருடம் அந்தப் பானை கோயிலுக்குப் போகவில்லை. சுற்றியுள்ள வீடுகளின் பானைகளும் சேர்ந்து, கொட்டிலில் இருந்தவர்களுக்குச் சோறானது. "ஆச்சி வீட்டுக் கஞ்சி மாதிரித்தான், பாதி வெந்தும் பாதி வேகாமலும்" என்று அம்மா எழுதியிருந்தார். "இத்தனை வருசம் போட்டன், இப்ப வாங்கிற முறை. வாங்கப் பழகுறதுதான் கஷ்டமாக் கிடக்கு."

அம்மா 1999-இல் காலமானார். நான் போகவில்லை.

வார்டில் என்னோடு வேலை செய்த ஒரு மிசோரம் பிள்ளையிடம் ஒருநாள் இந்த முட்டிக் கதையைச் சொன்னேன். அவள் துள்ளி எழும்பிவிட்டாள். அவர்கள் ஊரில் 1910-இலிருந்து சபைப் பெண்கள் இதையே செய்கிறார்களாம். உலை வைக்குமுன் ஒரு பிடி. இன்று அவர்களுடைய சபை ஊழியங்களுக்கு வருமானத்தில் பெரிய பங்கு அந்தப் பிடியரிசிதானாம். இரவு வேலையில், தேநீர் குடித்தபடி, ஒருவர் அம்மாவைப் பற்றி மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எங்கள் கோயிலில் சனிக்கிழமைகளில் நடக்கும் உணவு வங்கிக்குப் போகிறேன். ஒரு சக்கர நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பத்துப் பேர் அதைப் பிடித்தபடி படம் எடுத்து முகநூலில் போடும் கூட்டம் எனக்கு ஒத்துவராது. இங்கே படம் எடுக்கத் தடை என்பதே எனக்குப் பாதி ஆறுதல். என் வேலை பைகட்டுவது. பட்டியல் ஒன்று உண்டு: பாஸ்ரா, தகரப் பீன்ஸ், சூப், தேயிலை, பிஸ்கட், தகரத்தில் அடைத்த இனிப்புப் பால்சோறு.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பெடியன் ஒருவன் வந்தான். படிக்க வந்தவன். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, வரிசையில் வேண்டுமென்றே கடைசியாக நின்றான். என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தான். தமிழரிடம் வாங்குவது அந்நியரிடம் வாங்குவதைவிடக் கஷ்டம். அது எனக்கு விளங்கும். நான் அவனைத் தெரியாதவள் போல ஆங்கிலத்திலேயே பேசிப் பையைக் கொடுத்தேன். அவன் உள்ளே பார்த்தான். பால்சோற்றுத் தகரத்தை வெளியே எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அன்ரி, அரிசி இல்லையா?" என்றான்.

தமிழில் கேட்டுவிட்டான். இனி என்ன நடிப்பு.

"இதிலயும் அரிசிதான் தம்பி இருக்கு, சீனி போட்டிருக்கிறாங்கள்" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அந்த மேசையடியில் நின்று இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மற்றவர்கள் என்ன என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று இரவே அலுமாரியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்துக் கழுவிக் காயவைத்தேன். காலையில் ஒரு பிடி போட்டேன். கோயிலில் இன்னும் ஐந்தாறு பேரிடம் சொன்னேன். இரண்டு ஜமேக்கா நாட்டு அக்காமாரும் சேர்ந்தார்கள். ஒரு மாதம் கழித்து எல்லாரும் போத்தலோடு வந்து நின்றால், பொறுப்பாளர் கையை விரித்தார். விதிப்படி, திறக்காத பை, திகதி போட்ட பை மட்டும்தான் கொடுக்கலாமாம். அவர் சொன்னதும் சரிதான்.

சரி, இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். தினமும் ஒரு பிடி போத்தலுக்குப் போகும். போத்தல் நிரம்பியதும், அதே அளவுக்குக் கடையில் புதுப் பை அரிசி வாங்கி உணவு வங்கிக்குக் கொடுப்போம். போத்தல் அரிசியை நாங்களே சமைத்துக்கொள்வோம். எல்லாருடைய போத்தலையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து பங்கு பிரிக்கிறோம். ஏன் கலக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் காரணம் சொல்லத் தெரியாது. அதனால் மாதத்தில் ஒரு கிழமை எங்கள் வீட்டில் பாஸ்மதியும் சிவப்புப் பச்சையும் தாய்லாந்து அரிசியும் ஒரே சட்டியில் வேகும். என் கணவர் கோப்பையைத் தள்ளிவைத்து, "இதென்னப்பா, பாதி குழைஞ்சு கிடக்கு, பாதி பல்லை உடைக்குது" என்பார். பிறகு இன்னொரு அகப்பை கேட்பார்.