குனிந்து வெட்டுகிறவளை ஏன் வரையவில்லை?

கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் போர்ட் எழுதுவது என் தொழில். எனாமல் பெயின்ற், தகரம், தூரிகை என்று தொடங்கியது, இப்போது முக்கால்வாசி வேலை டிஜிட்டல் பிரிண்ட்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் கையால் கீறியது எங்கே கண்டாலும் நின்று பார்ப்பேன். கொஞ்சக் காலமாக இரவில் ஃபோனில் பார்த்துக்கொண்டிருப்பது, ரஷ்யப் புரட்சி முடிந்த முதல் நாலைந்து வருடங்களில் வந்த சுவரொட்டிகள்.

தொழில்காரனாக எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் 'ரோஸ்டா சாளரங்கள்'. 1919 இல் மொஸ்கோக் கடைகளில் சாமான் இல்லை, கண்ணாடி யன்னல்கள் வெறுமையாகக் கிடந்தன. ரோஸ்டா என்ற அரச தந்திச் செய்தி நிறுவனம் அந்த யன்னல்களில் படச் செய்திகளை வைக்கத் தொடங்கியது. ஓவியர் செரெம்னிக் தொடக்கி வைத்தார். கவிஞர் மாயகோவ்ஸ்கி சேர்ந்துகொண்டு வசனமும் எழுதினார், படமும் கீறினார். அச்சடிக்க வசதி குறைவு, அதனால் மட்டையில் ஸ்டென்சில் வெட்டி நிறம் அடித்தார்கள். ஸ்டென்சில் வெட்டிப் பழகியவர்களுக்கு இது விளங்கும்: மெல்லிய கோடு நிற்காது, நடுத்துண்டு விழாமல் இருக்கப் பாலம் விட வேண்டும். தொழிலாளி முழுக்கச் சிவப்பாகவும், முதலாளி தொப்பி போட்ட கறுப்பு உருண்டையாகவும் வந்ததில் இதற்கும் பங்கு உண்டு. பின்னாளில் அதை ஒரு பெரிய கலைப் பாணி என்று எழுதினார்கள். எனக்கு முதலில் தெரிவது, செய்தி ஆறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரம்.

அப்போது ரஷ்ய ஊர்ப்புறத்தில் நிறையப் பேருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. படம்தான் பேச வேண்டும். சரி, படத்தில் யார் இருந்தார்கள்?

அலெக்சாந்தர் அப்சித் 1918 இல், புரட்சியின் முதலாண்டு நிறைவுக்குக் கீறிய சுவரொட்டியைப் பாருங்கள். ஒரு பக்கம் தொழிலாளி, மறுபக்கம் தாடி வைத்த விவசாயி. காலடியில் உடைந்த மணிமுடி, அறுந்த சங்கிலி. இரண்டு பேரும் தூண் மாதிரி நிமிர்ந்து நிற்கிறார்கள். எனக்கு உறுத்தியது அந்த நிமிர்வுதான். அதே 1918 இல்தான் சுத்தியலும் அரிவாளும் சோவியத் சின்னமாக வந்தன. அந்தச் சின்னத்தில் உள்ள குட்டை அரிவாளை ரஷ்யக் கிராமங்களிலும் பெரும்பாலும் பெண்கள்தான் பிடித்தார்கள், குனிந்து. ஆண்களுக்கு நின்றுகொண்டே வீசும் நீளப்பிடி அரிவாள் இருந்தது. பெண்ணுடைய ஆயுதத்தைக் கொடியில் வைத்துவிட்டு, சுவரில் தாடிக்காரரைக் கீறினார்கள். 1920 இல் 'அக்டோபர் புரட்சி தொழிலாளப் பெண்ணுக்கும் விவசாயப் பெண்ணுக்கும் என்ன தந்தது' என்று ஒரு சுவரொட்டி வந்தது. நூலகம், உணவுச்சாலை, தாய்சேய் இல்லம் எல்லாவற்றையும் ஒருத்தி கைகாட்டுகிறாள். அழகான படம், மறுக்கவில்லை. ஆனால் தலைப்பில் இரண்டு பேர், படத்தில் பெரிதாக நிற்பவள் ஒருத்தி, அவள் கையில் சுத்தியல்.

நான் இதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அம்மா. 1977 இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து தருமபுரம் பக்கம் குடியேறிய குடும்பம். சொந்தமாக வயல் இல்லை. காலபோக நெல் விளைந்தால் தை, மாசியில் அருவி வெட்டுக்கு, அதாவது நெல் அறுவடைக்கு, கூலிக்குப் போவா. சட்டைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சேட்டு, தலையில் துவாய். இடது கை நெற்தாளைக் கொத்தாகப் பிடிக்கும், வலது கை அரிவாளைத் தன் பக்கமாக இழுக்கும், வெட்டிய உப்பட்டி பின்னால் கிடக்கும். இடது சின்னவிரலில் மூன்று தழும்பு. வரம்பு வரும்வரை நிமிரமாட்டா. இப்போது வெட்டு மெசின் வந்துவிட்டது. அம்மாவின் இடுப்பு மட்டும் பழையபடியே நோகிறது.

திமித்ரி மோரைச் சொல்லாமல் விட முடியாது. 1920 இல் அவர் கீறிய சிவப்புச் சிப்பாய், நேரே விரல் நீட்டி, 'நீ தொண்டனாகப் பெயர் பதிந்துவிட்டாயா?' என்று கேட்கிறான். போர்க்கால ஆள்சேர்ப்பைப் பார்த்து வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்த விரலைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. அடுத்த வருடம் வொல்காப் பக்கம் பஞ்சம். வரட்சி, உள்நாட்டுப் போர், அதோடு ஊர்களில் இருந்து கட்டாயமாக அள்ளிய தானியம், எல்லாம் சேர்ந்து இலட்சக்கணக்கில் சனம் செத்தது. அப்போது அதே மோர் கறுப்புப் பின்னணியில் எலும்பும் தோலுமான ஒரு கிழவரைக் கீறினார். தூக்கிய இரண்டு கை, பின்னால் முறிந்த ஒரு கதிர், 'உதவு' என்ற ஒரே சொல். அந்தக் காலத்துச் சுவரொட்டிகளில் விவசாயியை உண்மையாகப் பார்த்துக் கீறியது இதுதான் என்பேன்.

இந்த வருடம் மே தினத்துக்கு எங்கள் பகுதிக் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு ஒரு பதாகை கேட்டது. "உழவு மெசினுக்குப் பக்கத்தில ஒரு ஆள் நிமிர்ந்து நிக்கட்டும் தம்பி" என்றார்கள். நான் அருவி வெட்டுகிற பெண்ணைக் கீறிக் காட்டினேன். ஒரு ஐயா, "முகம் தெரியேல்லையே" என்றார். சரியான கேள்வி. குனிந்த உடம்பு தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு மேடு மாதிரித்தான் தெரியும், சுவரொட்டிக்கு அது ஆகாது. ரஷ்ய ஓவியர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்திருக்கும். அப்புறம் பார்வையைத் தரைக்கு இறக்கினேன். வெட்டிய தாளடிக்குள் படுத்துக்கொண்டு முன்னால் இருந்து அண்ணாந்து பார்ப்பது மாதிரிக் கீறினால், துவாய்க்குக் கீழே முகம் முழுதாக விழுகிறது, அரிவாள் பிடித்த கை பெரிதாக முன்னுக்கு வருகிறது. சிவப்பு, கறுப்பு, நெல் மஞ்சள், மூன்றே நிறம். ஐயா ஒத்துக்கொண்டார். உழவு மெசினையும் ஒரு மூலையில் போடச் சொன்னார், போட்டேன்.

இதை இன்னும் பெரிதாக ஒரு மதிலில் கீற ஆசை இருக்கிறது. கையால் அருவி வெட்டிய காலத்துப் படங்கள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், வன்னியில் எந்த ஊர் என்றாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. முக்கியமாக, இடது கை தாளைப் பிடிக்கிற பிடி தெரிகிற படம் வேண்டும்.